தெரியாது என்று சொன்னவர்

அடையாறில் அந்த ஆராய்ச்சி அறைக்கு வேலை கேட்டுப் போனபோது, "இந்த வேலை எத்தனை வருஷத்துக்கு இருக்கும் டாக்டர்?" என்று கேட்டேன். எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"தெரியாது" என்றார்.

வேறு யாராக இருந்தாலும் 'பார்த்துக்கலாம்', 'எப்படியும் நீட்டிப்பாங்க' என்று ஏதாவது சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். அவர் எதுவும் சேர்க்கவில்லை. அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தார். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஆனாலும் சேர்ந்தேன். அவர் விலகிப் போகும்வரை அவரோடுதான் இருந்தேன்.

இதய நோய் மருத்துவம் படித்தவர். அவரோடு படித்தவர்கள் பெரிய ஆஸ்பத்திரிகளில் கார் நிறுத்தத் தனி இடம் வைத்துக்கொண்டு இருந்தார்கள். இவர் நோயாளிகளைப் பார்த்துப் பிழைக்கும் வழியை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். காரணத்தை அவருடைய அண்ணன்தான் பிற்பாடு எனக்குச் சொன்னார்.

அவர்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் பாத்திரக் கடை வைத்த குடும்பம். மகள் டாக்டராகி வந்ததும் அப்பா கடைக்கு மேல் மாடியில் ஒரு அறையை ஒழித்து, பெயர்ப்பலகை மாட்டி, ஏ.சி. போட்டுக் கொடுத்திருக்கிறார். கடைக்கு வந்த கூட்டத்தில் பாதி மாடி ஏறியது. ஆனால் ஏறியவர்கள் முகம் வெளுத்து இறங்கினார்கள். "இந்த மாத்திரை சாப்பிட்டா சரியாயிடுமா?" என்று கேட்டால், "சிலருக்குச் சரியாகும், சிலருக்கு ஆகாது. உங்களுக்கு எப்படின்னு இப்ப எனக்குத் தெரியாது" என்று பதில் வந்தால் யார்தான் மறுபடி வருவார்கள்?

"ஏட்டி, வந்தவங்களைப் பயமுறுத்தி அனுப்புதியே. நாலு வார்த்தை ஆறுதலாச் சொன்னா வாய் வலிக்குமா?" என்று அப்பா சத்தம் போட்டாராம்.

"தெரியாததைத் தெரியும்னு எப்படிப்பா சொல்லுதது?" என்றாராம் இவர்.

அந்த அறை கொஞ்ச நாளில் எவர்சில்வர் அண்டாக்களை அடுக்கும் இடமாயிற்று.

அதே அப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா பொழச்சுக்கிடுவாங்களா?" என்று கேட்டிருக்கிறார். பக்கத்தில் நின்ற டாக்டர்கள் எல்லாரும் 'தைரியமா இருங்கம்மா' என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம். இவர், "தெரியலம்மா" என்றார். அப்பா அன்று மாலையே போய்விட்டார். "அதுக்கப்புறம் எங்கம்மா அவகிட்ட முகம் கொடுத்துப் பேசவே இல்ல. சாகிற வரைக்கும்" என்று அண்ணன் சொன்னார். சொல்லும்போது அவருக்கே தங்கைமேல் அந்தக் கோபம் இன்னும் மிச்சம் இருந்தது தெரிந்தது.

டாக்டர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சின்ன ஃப்ளாட்டில் தனியாக இருந்தார். எதிர் வீட்டில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் மாமி ஒருவர். நான் ஏதாவது ஃபைல் கொடுக்கப் போனால் மாமி கதவைத் திறந்துகொண்டு வந்துவிடுவார்.

"உங்க டாக்டர்கிட்ட ஒரு நாள் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கறதுன்னு போய் நின்னேன். ஒண்ணும் இல்லே மாமின்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதோ? ஏன்னு தெரியலே, ரத்தம் பாக்கணுங்கறா. அன்னிக்கெல்லாம் ஆத்துல நான் தூங்கவே இல்லே!"

"ரத்தப் பரிசோதனையில என்ன வந்தது மாமி?"

"தைராய்டு. அதை விடு. இவ டாக்டரா, இல்லே டாக்டருக்கு இன்னும் படிச்சுண்டிருக்காளா?"

கதவுக்குள்ளிருந்து இதைக் கேட்டுக்கொண்டே வந்த டாக்டர், "படிச்சுக்கிட்டுதான் இருக்கேன் மாமி" என்றார். அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

எங்கள் வேலை கடலோரக் குப்பங்களில். குழந்தைகளுக்குத் தொண்டைப் புண்ணும் காய்ச்சலும் வருகிறது அல்லவா, அதில் ஒரு வகை சில குழந்தைகளை விட்டுப் போவதில்லை. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு, கிருமி போன பிறகு தன் இதயத்தின் வால்வுகளையே எதிர்க்கத் தொடங்கிவிடும். பிள்ளை ஓடும், ஆடும், கடலில் குதிக்கும். உள்ளே வால்வு தடித்துக்கொண்டே போகும். மூச்சு வாங்கி ஆஸ்பத்திரிக்கு வரும்போது பெரும்பாலும் தாமதமாகியிருக்கும். நெரிசலான வீடுகளில் வளரும் குழந்தைகளுக்குத்தான் இது அதிகம் வரும்.

மடிக்கணினி அளவுள்ள ஒரு ஸ்கேன் கருவியை எடுத்துக்கொண்டு நாங்கள் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போனோம். ஒன்றும் தெரியாமல் ஓடியாடிக்கொண்டிருந்த சில குழந்தைகளின் வால்வில் மிகச் சின்ன மாற்றம் தென்பட்டது. இங்கேதான் டாக்டருடைய கேள்வி தொடங்கியது. நோய் முற்றியவர்களுக்கு மாதா மாதம் பென்சிலின் ஊசி போட்டால் நல்லது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் இப்படி ஸ்கேனில் மட்டும் தெரிகிற, எந்தத் தொந்தரவும் இல்லாத பிள்ளைக்கு? பலருக்கு அந்த மாற்றம் தானாகவே மறைந்துபோகும். ஊசியோ கடுமையான வலி. அபூர்வமாக ஒரு பிள்ளை ஊசி போட்ட இடத்திலேயே சுருண்டு விழுவதும் உண்டு.

"எல்லாப் பிள்ளைக்கும் போட்டுட வேண்டியதுதானே?" என்று கூட்டத்தில் ஒரு பெரிய டாக்டர் கேட்டார்.

"நல்லதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஆனா தோணுது."

"எனக்கும் தோணுது. தோணுறது போதாது."

ஆகவே அந்தக் குழந்தைகளில் பாதிப் பேருக்கு ஊசி, பாதிப் பேரைக் கவனித்து மட்டும் வருவது, நோய் கூடினால் உடனே ஊசி தொடங்கிவிடுவது என்று முடிவாயிற்று. யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கல் போல எடுக்கும். யாருடைய விருப்பமும் அதில் நுழையக் கூடாது. பெற்றோரைக் கூப்பிட்டு உட்காரவைத்து டாக்டரே இதைச் சொன்னார். அப்போதுதான் தேசம்மாவைப் பார்த்தேன். உண்மைப் பெயர் வேறு. தேசம்மா என்று வைத்துக்கொள்வோம். நொச்சிக்குப்பத்தில் சாலையோரம் மீன் விற்பவள். அவளுடைய மகள் சரண்யாவுக்குக் குலுக்கலில் ஊசி வரவில்லை.

"இன்னா டாக்டரம்மா, சீட்டு குலுக்கிப் போட்டா வைத்தியம் பாப்பீங்கோ?"

"ஊசி நல்லதா இல்லையான்னு எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சுக்கத்தான் இது. உங்களுக்கு இஷ்டம் இல்லேன்னா வேண்டாம்னு சொல்லலாம்."

தேசம்மா யோசித்தாள். "எம்பொண்ணு நல்லாத்தானே கீது. ஊசி இல்லாங்காட்டி நல்லதுதான். ஊசின்னா அயுவும்" என்று சொல்லிச் சம்மதித்தாள்.

சரண்யா அப்போது ஏழாம் வகுப்பு. ஒவ்வொரு முறை ஸ்கேனுக்கும் முதல் ஆளாக வந்து படுத்துக்கொள்வாள். குளிர்ந்த பசையை நெஞ்சில் தடவியதும் மற்றக் குழந்தைகள் நெளிவார்கள். அவள் திரையைத்தான் பார்ப்பாள்.

"டாக்டர், எது என் ஹார்ட்டு?"

டாக்டர் விரல் வைத்துக் காட்டினார்.

"கதவு மாரி தொறந்து தொறந்து மூடுது!"

"கதவுதான். ரத்தம் ஒரு பக்கமாத்தான் போகணும். திரும்பி வந்துராம இது பாத்துக்கும்."

பெரியவர்களிடம் இரண்டு சொல்லுக்கு மேல் பேசாத டாக்டர் இந்தப் பெண்ணிடம் கால் மணி நேரம் பேசுவார். ஒரு தடவை ஸ்டெதாஸ்கோப்பை அவள் காதில் மாட்டி, மறுமுனையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். சரண்யா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "உங்களுது ரொம்ப மெதுவா போவுது டாக்டர். நடந்து போற மாரி" என்றாள். டாக்டர் சத்தமாகச் சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

இரண்டு ஸ்கேன்களுக்கு நடுவே, ஆடி மாதத்தில், சரண்யாவுக்குக் காய்ச்சல் வந்தது. முழங்கால் வீங்கியது. எங்காவது விழுந்திருப்பாள் என்று வீட்டில் நினைத்தார்கள். அம்மன் கோயில் திருவிழா. அந்தத் தெருவுக்குக் கூழ் ஊற்றும் பொறுப்பு தேசம்மாவுடையது. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டது, மறுபடி வந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று பெண் சொன்ன பிறகுதான் எங்களுக்கு ஆள் வந்தது. டாக்டர் தன் காரிலேயே அவளை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் பின் ஸீட்டில் அவளை நிமிர்த்தி உட்காரவைத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டிருந்தார். வண்டியை நான் ஓட்டினேன். அந்தப் பெண் மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும்.

வால்வு கிழிந்திருந்தது. ஆபரேஷன் செய்தார்கள். வாசலில் சரண்யாவின் அப்பா கடலிலிருந்து வந்த லுங்கியோடு நின்றிருந்தார்.

"பொயச்சுக்குமா டாக்டரம்மா?"

"தெரியலண்ணே" என்றார் டாக்டர்.

அந்த அப்பா போய்ச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். சரண்யா கண் விழிக்கவில்லை.

ஆராய்ச்சி நிற்கவில்லை. நிறுத்த முடியாது. குலுக்கல், ஊசி, ஸ்கேன் எல்லாம் அப்படியே நடந்தன. டாக்டரும் முன்போலவே வந்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் வீட்டுக்குத் திருப்பி எடுத்துப்போவது மட்டும் அடிக்கடி நடந்தது.

பிறகு ஒருநாள் முடிவு வந்தது. கணக்குப் பார்க்கும் இளைஞர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். ஊசி போட்ட பிள்ளைகளில் நோய் கூடியவர்கள் மிகக் குறைவு. போடாதவர்களில் அதைவிடப் பல மடங்கு. சந்தேகத்துக்கு இடமே இல்லை. அறையில் எல்லாரும் கை தட்டினோம். யாரோ கேக் வாங்க ஓடினார்கள். இனி உலகத்தில் எங்கே இப்படி ஒரு குழந்தை அகப்பட்டாலும் என்ன செய்வது என்று தெரியும். ஒரு ஆராய்ச்சியாளருக்கு இப்படி ஒரு பதில் வாழ்க்கையில் ஒரு முறை கிடைத்தால் பெரிது.

டாக்டர் உட்கார்ந்தே இருந்தார். "நோய் கூடினவங்க கணக்குல சரண்யா இருக்காளா?" என்று கேட்டார்.

"இருக்காங்க டாக்டர்."

"அவளை எடுத்துட்டுக் கணக்குப் போடுங்க."

இளைஞர் தட்டிப் பார்த்தார். "வித்தியாசம் இல்ல டாக்டர். அப்பவும் இதே பதில்தான்" என்று மகிழ்ச்சியாகச் சொன்னார்.

"அப்படியா" என்றார் டாக்டர்.

மறுநாளே தேசம்மாவைப் பார்க்கக் கிளம்பினார். எல்லாரும் தடுத்தோம். போன உயிர் திரும்பாது, சட்டப்படியும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, அவள் பாட்டுக்கு இருக்கட்டும் என்றோம். "அவங்க பொண்ணைக் கொடுத்துக் கேட்ட கேள்வி. பதிலை மட்டும் சொல்லாம விட்டுருவமா?" என்றார். என்னைக் கூட வரச் சொன்னார்.

குடியிருப்பின் இரண்டாம் மாடியில் அந்த வீடு. சுவரில் பள்ளிச் சீருடையில் சரண்யா. மாலை போட்டிருந்தது. டாக்டர் தரையில் உட்கார்ந்து, முடிவை ஒளிக்காமல் சொன்னார்.

தேசம்மாவுக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. "அப்போ, சீட்டுல ஊசின்னு வந்திருந்தா எம்பொண்ணு இருந்திருக்கும்."

"அனேகமா இருந்திருப்பா."

"அவ செத்ததுலதான் உங்களுக்கு இது தெரிஞ்சுதா?"

நான் டாக்டரின் கையைத் தொட்டேன். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அப்படிச் சொன்னால் அந்தத் தாய்க்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று கிடைக்கும்.

"இல்லைங்க" என்றார் டாக்டர். "அவ இல்லாமலும் தெரிஞ்சிருக்கும்."

தேசம்மா எழுந்து நின்றாள். கத்தவில்லை. "எய்ந்து போங்க" என்றாள். "ரெண்டு பேரும் எய்ந்து போங்க."

அதன்பின் அவள் எங்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இப்போது வால்வில் மாற்றம் தெரிந்த எல்லாக் குழந்தைகளுக்கும் ஊசி போடத் தொடங்கியிருந்தோம். முகாமுக்கு அவளுடைய கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். டாக்டர் ஒவ்வொரு தடவையும் அங்கே நடை தளர்ந்து ஒரு நொடி நிற்பார். அவள் வஞ்சிரத்தின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பாள். டாக்டர் நடந்துவிடுவார். வெளிநாட்டில் ஒரு மாநாட்டில் அவருடைய ஆராய்ச்சிக்கு எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள் என்று பத்திரிகையில் வந்தது. அதை நான் படித்துக் காட்டியபோது, "ம்" என்றார்.

மழைக்காலம் முடிந்து ஒருநாள், முகாமிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். மீன் விற்றுத் தீர்ந்து பலகையைக் கழுவிக்கொண்டிருந்த தேசம்மா, "டாக்டரம்மா, கொஞ்சம் இரு" என்றாள்.

நின்றோம். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள். இளைத்துப்போயிருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும். பாப்பாவுக்கு ஜுரம் வந்துச்சே, அன்னிக்கே நான் தூக்கினு வந்திருந்தா? நான் கூழ் ஊத்திகினு இருந்தேன். நாளைக்கு போலாம் நாளைக்கு போலாம்னு இருந்துட்டேன். அன்னிக்கே வந்திருந்தா பொயச்சிருக்குமா? அல்லாரையும் கேட்டுட்டேன். இல்ல இல்லன்றாங்கோ. எம்மாமியா விதின்றா. எனக்கு தூக்கம் இல்ல டாக்டரம்மா, கண்ண மூடுனா கூழ் பானைதான் தெரியுது. நீ பொய் சொல்ல மாட்டே. எம்மூஞ்சிக்கு நேராவே சொன்ன ஆளு நீ. நீ சொல்லு."

எனக்கு விஷயம் தெரியும். சரண்யா இறந்த வாரத்தில் அவளுடைய ஸ்கேன் படங்கள் எல்லாவற்றையும் டாக்டர் வரிசையாகப் பார்த்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். காய்ச்சலுக்கு முந்திய படத்தில் வால்வு லேசாகத்தான் தடித்திருந்தது. 'காய்ச்சல் வந்த அன்னிக்கே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்' என்று அவர் வாயாலேயே சொன்னார்.

டாக்டர் தேசம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் படகு ஒன்றைக் கரையேற்றிக்கொண்டிருந்தவர்களின் சத்தம். கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இல்ல" என்றார். "நீ அன்னிக்கே வந்திருந்தாலும் இப்படித்தான் ஆயிருக்கும். வால்வு அதுக்கு முன்னாடியே கெட்டுப்போச்சு. உன்னால ஒண்ணும் இல்ல."

யாரையும் 'நீங்க' என்றே பேசுகிறவர், அன்று அவளை 'நீ' என்றார்.

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

தேசம்மா அப்படியே சாலையோரம் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மகள் செத்த அன்று அவள் அழுததை நான் பார்த்திருக்கிறேன். இது வேறு மாதிரி இருந்தது. டாக்டர் அவள் பக்கத்தில் குனிந்து, தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

ஆட்டோவில் திரும்பும்போது ராஜா அண்ணாமலைபுரம் தாண்டியதும் அவர் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். வாய் கொப்பளித்துவிட்டு, "வெயில்" என்றார். அப்படி ஒன்றும் வெயில் இல்லை.

அடுத்த மாதம் முகாம் பொறுப்பை ஒரு சின்ன டாக்டரிடம் கொடுத்துவிட்டார். கொஞ்ச நாளில் ஆராய்ச்சியிலிருந்தும் விலகினார். ஏன் என்று நான் கேட்டதற்கு, "நான் சொன்னா அது சரியா இருக்கும்னு நம்புதாங்க. இனிமே அதைச் சுமக்க எனக்குத் தெம்பு இல்ல" என்றார்.

பிறகு அவருக்குக் கணையத்தில் புற்றுநோய் வந்தது. அண்ணன் தி.நகர் வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொண்டார். நான் பார்க்கப் போவேன். பாத்திரக் கடைச் சத்தம் மேலே கேட்டுக்கொண்டே இருக்கும். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சுச் சுளையின் தோலை உரித்து உரித்துக் கொடுப்பார். "எப்படி இருக்கு டாக்டர்?" என்றால், "கூடிக்கிட்டிருக்கு" என்பார். தன் விஷயத்தில் அவர் கடைசிவரை சரியாகத்தான் சொன்னார்.

அவர் இறந்த செய்தியை நான் தேசம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். வருவாள் என்று நினைக்கவில்லை. வந்தாள். டாக்டர்களும் கடைக்காரர்களும் நின்ற கூட்டத்தில் செருப்பை ஓரமாக விட்டுவிட்டுக் கை கட்டி நின்றாள். "யாரும்மா நீங்க?" என்று அண்ணன் கேட்டார். "எம்பொண்ணுக்கு வைத்தியம் பாத்தவங்க" என்றாள். அவர் வழி விட்டார். கண்ணாடிப் பெட்டிமேல் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தாள்.

நானும் அவளும் பஸ் நிறுத்தம்வரை சேர்ந்து நடந்தோம். தன் அண்ணனுக்குச் சின்னப் பையன் ஒருத்தன் இருக்கிறான், அவனுக்கும் ஸ்கேன் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை என்று சொன்னாள். துணிக்கடைப் பைகளோடு ஜனங்கள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள்.

"எனக்கு அல்லாரும் ஆறுதல்தான் சொன்னாங்கோ" என்றாள். "அது ஒண்ணுதான் உண்மைய சொல்லிச்சு. அத்த வச்சிதான் நான் தூங்கறேன். உனக்குத் தெரியுமில்ல? நீயும் அன்னிக்கு நின்னுகினு இருந்தியே."

"ஆமாம், இருந்தேன்" என்றேன்.

பட்டினப்பாக்கம் பஸ் வந்தது. கூட்டம். அவள் முன் படியில் ஏறி, உள்ளே திரும்பி, "வா, எடம் கீது" என்று கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டு ஏறினேன்.